அறையைச் சூடாக்குவதா, ஆளைச் சூடாக்குவதா: குமரி மாவட்ட வீடுகளுக்கான மின் ஹீட்டர் வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் சமவெளியில் மார்கழி இரவில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனாலும் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், பிறகு ஐப்பசி கார்த்திகை அடைமழையின்போதும், கையில் எடுத்துச் செல்லக்கூடிய மின் ஹீட்டர் ஒன்றை வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் இங்கே குறைவில்லை. பச்சைக் குழந்தை இருக்கும் வீடு, மூட்டுவலிக்காரப் பெரியவர் இருக்கும் வீடு, மூன்று நாளாகத் துணி காயாத வீடு, காலையில் சுடுவெள்ளம் இல்லாமல் குளிக்க முடியாதவர்கள் இருக்கும் வீடு எனத் தேவைகள் வேறு வேறானவை. கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே 2000 வாட் பெட்டியைத்தான் காட்டுவார். எந்தத் தேவைக்கு எந்தக் கருவி பொருந்தும், அதற்கு மாதம் எவ்வளவு ஆகும், எந்த இடத்தில் அது வீண் என்பதை வீட்டிலேயே கணக்கிட்டுப் பார்க்கும் முறையைப் படிப்படியாக விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதற்படி: எதைச் சூடாக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஹீட்டர் என்ற ஒரே பெயருக்குள் மூன்று தனித்தனி வேலைகள் அடங்கியிருக்கின்றன. அறை முழுவதையும் சூடாக்குவது ஒன்று. ஓரிடத்தில் இருக்கும் ஆளை மட்டும் சூடாக்குவது இன்னொன்று. தண்ணீரைச் சூடாக்குவது மூன்றாவது. குமரி மாவட்டத்தில் முதல் வேலைக்குத் தேவை மிகக் குறைவு. கீரிப்பாறை, மாறாமலை, கோதையாறு போன்ற மலைப்பகுதிகளில் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்பவர்கள் இதற்கு விலக்கு. அங்கே மழைக்கால இரவுகளில் குளிர் உண்மையாகவே உடம்பைத் தொடும். சமவெளியில் இருப்பவர்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதுமே பயனுள்ளவை. என் கருத்தில், பெரும்பாலான வீடுகளுக்கு மூன்றாவது மட்டுமே போதும்.

அறையைச் சூடாக்குவது ஏன் நமக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையில் உள்ள காற்றின் எடை ஏறத்தாழ 34 கிலோ. அந்தக் காற்றை மட்டும் ஐந்து டிகிரி சூடாக்க யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு மின்சாரம் போதும். 2000 வாட் ஹீட்டர் அதை இரண்டு நிமிடத்திற்குள் செய்துவிடும். ஆனால் அந்தச் சூட்டைச் சுவரும் தரையும் உடனே உறிஞ்சிக்கொள்கின்றன, மீதி வெளியேறிவிடுகிறது. நம் வீடுகள் காற்று வந்து போவதற்காகக் கட்டப்பட்டவை. ஓட்டு வீட்டில் ஓடுகளின் இடைவெளி வழியாகவும், கான்கிரீட் வீட்டில் வென்டிலேட்டர் வழியாகவும் சூடான காற்று மேலேறிப் போய்க்கொண்டே இருக்கும். ஹீட்டரை அணைத்த சில நிமிடங்களில் அறை பழைய நிலைக்கு வருவது கருவியின் குறையால் அல்ல.

இரண்டாம் படி: வாட்டையும் நேரத்தையும் யூனிட்டாக மாற்றுங்கள்

ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்திற்கு இரண்டு யூனிட். 800 வாட் குவார்ட்ஸ் ஹீட்டர் கால் மணி நேரத்திற்கு 0.2 யூனிட். கணக்கு இவ்வளவுதான்.

இங்கே விளம்பரங்கள் செய்யும் குழப்பம் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. காற்றை ஊதும் ஃபேன் ஹீட்டர், சிவந்து ஒளிரும் குவார்ட்ஸ் அல்லது ஹாலோஜன் ஹீட்டர், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஆகிய மூன்றும் வாங்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாகவே மாற்றுகின்றன. எனவே ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் வெப்பத்தின் அளவில் மூவாயிரம் ரூபாய் ஹீட்டருக்கும் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஹீட்டருக்கும் வேறுபாடு கிடையாது. வேறுபாடு அந்த வெப்பம் எங்கே போய்ச் சேருகிறது என்பதில் இருக்கிறது. குவார்ட்ஸ் ஹீட்டர் எதிரே இருக்கும் ஆளை நேரடியாகச் சூடாக்கும். காற்றைப் பற்றிக் கவலைப்படாது. ஃபேன் ஹீட்டர் காற்றைச் சூடாக்கும். நம் வென்டிலேட்டர்கள் அந்தக் காற்றை வெளியே அனுப்பிவிடும். ரேடியேட்டர் சூடாகவே வெகு நேரம் எடுக்கும். அணைத்த பிறகும் சிறிது நேரம் சூடு தரும். இரவு முழுவதும் மூடிய அறையில் இருப்பவர்களுக்கே அது ஏற்றது. ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரக்கூடியது குளிரும் சூடும் தரும் ஏசி மட்டுமே. அது வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால் அவ்வாறு முடிகிறது.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்ப மனமில்லாதவர்கள் வீட்டு மீட்டரிலேயே சரிபார்க்கலாம். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டு விட்டு ஒளிரும். அதன் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்ற எண், பெரும்பாலும் 1600 அல்லது 3200, அச்சிடப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள மற்ற எல்லாவற்றையும், மறக்காமல் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, ஹீட்டரை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஒளிர்கிறது என்று எண்ணுங்கள். 3200 துடிப்பு மீட்டரில் 2000 வாட் ஹீட்டருக்கு நிமிடத்திற்கு 107 முறை ஒளிர வேண்டும். 1500 வாட்டுக்கு 80 முறை. 1600 துடிப்பு மீட்டரானால் இதில் பாதி.

எண்ணிக்கை குறைவாக வந்தால் உடனே கருவியைக் குறை சொல்ல வேண்டாம். டிரான்ஸ்பார்மரிலிருந்து தொலைவில், தென்னந்தோப்புக்கு நடுவே தனித்து நிற்கும் வீடுகளில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்குவது வழக்கம். 230 வோல்ட்டுக்கு உரிய ஹீட்டர் 190 வோல்ட்டில் தன் திறனில் 68 சதவீதம் மட்டுமே தரும். இதனால் கட்டணம் கூடாது. சூடாக நேரம் கூடும், அவ்வளவே.

மூன்றாம் படி: உங்கள் வீடு எந்தக் கட்டணப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்

பலரும் தவறவிடும் படி இது. நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் கூடும் முறையில் கணக்கிடப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆணைப்படி 400 யூனிட் வரை யூனிட்டுக்கு 4.80 ரூபாய், 401 முதல் 500 வரை 6.45, 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65, 801 முதல் 1000 வரை 10.70, அதற்கு மேல் 11.80 ரூபாய். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் கட்டணத்தில் ஏறத்தாழப் பாதியை அரசு மானியமாக ஏற்கிறது. மானியத்தைப் பொறுத்து உங்கள் பில்லில் சில பைசா வேறுபடலாம். விகிதம் திருத்தப்பட்டிருந்தால் கடைசி பில்லில் உள்ள எண்ணைக் கீழே உள்ள கணக்கில் பொருத்திக்கொள்ளுங்கள்.

ஹீட்டர் என்பது வீட்டின் வழக்கமான பயன்பாட்டின் மேல் ஏறி உட்காரும் பயன்பாடு. ஆகவே அதன் செலவைச் சராசரி யூனிட் விலையால் கணக்கிடக் கூடாது. வழக்கமான பயன்பாடு முடியும் இடத்திலிருந்து கணக்கிட வேண்டும். 2000 வாட் ஹீட்டரை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீதம் முப்பது நாள் ஓட்டினால் 120 யூனிட் ஆகும். இதே 120 யூனிட்டை மூன்று வீடுகளில் வைத்துப் பார்ப்போம்.

இரண்டு மாதத்திற்கு 90 யூனிட் மட்டுமே செலவிடும் சிறிய வீட்டில் முதல் பத்து யூனிட் இலவசத்திலும், அடுத்த நூறு பாதிக் கட்டணத்திலும், மீதிப் பத்து முழுக் கட்டணத்திலும் கழிந்து, பில் ஏறத்தாழ 290 ரூபாய் வரும். 380 யூனிட் செலவிடும் வீட்டில் 20 யூனிட்டுக்கு 96 ரூபாயும், அடுத்த 100 யூனிட்டுக்கு 645 ரூபாயுமாக 741 ரூபாய் கூடும். 460 யூனிட் செலவிடும் வீட்டில் 40 யூனிட்டுக்கு 258, அடுத்த 80 யூனிட்டுக்கு 684 என 942 ரூபாய் ஆவதோடு நிற்காது. 500 யூனிட் எல்லையைத் தாண்டியதால் 101 முதல் 200 வரை கிடைத்துவந்த பாதிக் கட்டணச் சலுகையும் போய், இன்னும் 240 ரூபாய் அளவுக்குச் சேரும். மொத்தம் ஏறத்தாழ 1180 ரூபாய். ஹீட்டர் ஒன்றுதான், ஓடிய நேரமும் ஒன்றுதான், செலவு மட்டும் நான்கு மடங்கு வேறுபடுகிறது. (முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நம் கண்முன் சுழன்றாலும், நம் பில்லில் அதற்குத் தனித் தள்ளுபடி எதுவும் இல்லை என்பதையும் சிலருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.)

வாடகை வீட்டில் தனி மீட்டர் இல்லாமல், உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை வாங்கினால், மேற்கண்ட கட்டணப் படிகள் உங்களுக்குப் பொருந்தா. அவர் வாங்கும் தொகையால் யூனிட்டைப் பெருக்கினால் போதும்.

எனவே கருவி வாங்குவதற்கு முன் கடந்த ஆண்டின் மழைக்கால பில்கள் இரண்டை எடுத்துப் பாருங்கள். 400 யூனிட்டுக்குக் கீழே வசதியான இடைவெளி இருந்தால் தயங்க வேண்டியதில்லை. 450-க்கும் 500-க்கும் இடையே இருந்தால், ஹீட்டர் வாங்குவதற்கு முன் வேறு எதைக் குறைக்கலாம் என்று யோசிப்பதே முறை.

நான்காம் படி: குளியல் தண்ணீருக்கான கணக்கு

நம் வீடுகளில் வெப்பம் உண்மையாகத் தேவைப்படும் இடம் குளியலறை. நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் ஏறத்தாழ 26 டிகிரியில் இருக்கும். குளிக்க இதமான சூடு 40 டிகிரி. 15 லிட்டர் வாளித் தண்ணீரை இந்த 14 டிகிரி உயர்த்த 0.24 யூனிட் போதும். சேதாரத்தையும் சேர்த்து 0.27 என்று வைத்துக்கொள்ளலாம். யூனிட் 4.80 ரூபாய் என்றால் ஒரு குளியலுக்கு 1.30 ரூபாய், 8.55 என்றால் 2.30 ரூபாய். நான்கு பேர் உள்ள குடும்பம் அறுபது நாளும் சுடுதண்ணீரில் குளித்தால் ஏறத்தாழ 65 யூனிட். இதை அறை ஹீட்டரின் 120 யூனிட்டோடு ஒப்பிட்டால் எது பயன் தருகிறது என்பது தெரியும்.

இதற்குப் பலரும் நாடுவது தண்ணீரில் முக்கும் ஹீட்டர் கம்பி. விலை குறைவு, வேலை விரைவு. 1500 வாட் கம்பி பத்துப் பதினோரு நிமிடத்தில் வாளியைச் சூடாக்கிவிடும். ஆனால் தண்ணீரும் மின்சாரமும் ஈரக் கையும் ஒரே இடத்தில் சேர்வதால் ஆபத்து அதிகமான கருவியும் அதுவே. அதைப் பயன்படுத்துவதானால் வரிசை மாறக் கூடாது. முதலில் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், பிறகு கம்பியில் குறித்திருக்கும் அளவுவரை மூழ்கும்படி கம்பி, அதன் பிறகே சுவிட்ச். முடிந்ததும் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டே தண்ணீரில் கை வைக்க வேண்டும். சூடு வந்துவிட்டதா என்று சுவிட்ச் போட்டிருக்கும்போதே விரலை விட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். உலோக வாளி கூடாது. கம்பிக்குக் கீழே உள்ள தண்ணீர் குளிர்ந்தே இருக்கும் என்பதால், கம்பியை எடுத்த பிறகு நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் சூட்டைப் பார்க்க வேண்டும்.

கடலோர ஊர்களில் உப்பும் கடினத்தன்மையும் கூடிய கிணற்றுத் தண்ணீரில் கம்பியின் மேல் வெள்ளையாகக் காரை படியும். அது தடிக்கத் தடிக்க உள்ளே சூடு தேங்கிக் கம்பி வெடிப்பு விடும். வெடிப்பு விட்ட கம்பியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். காரை மெலிதாக இருக்கும்போதே வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தால் வந்துவிடும். கத்தியால் சுரண்டக் கூடாது.

ஒருவர் அல்லது இருவர் குளிக்கும் வீட்டுக்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. அதுவே என் பரிந்துரையும். ஒன்றரை லிட்டர் மின்சாரக் கெட்டிலில் இரண்டு முறை தண்ணீரைக் கொதிக்கவைத்து, 12 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலந்தால், 15 லிட்டர் தண்ணீர் 40 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் கிடைக்கும். மின்செலவு கம்பிக்கு ஆகும் அதே அளவுதான். 1500 வாட் கெட்டில் ஒருமுறை கொதிக்க ஐந்தாறு நிமிடம் எடுக்கும், கொதித்ததும் தானே அணைந்துவிடும், மின்சாரம் குளியலறைக்குள் நுழையவே நுழையாது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரையும் பிறகே கொதிநீரையும் ஊற்ற வேண்டும். கொதிநீரைத் தூக்கிச் செல்லும்போது குழந்தைகள் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேஸ் அடுப்போடு ஒப்பிட விரும்புவோருக்கு: 14.2 கிலோ சிலிண்டரிலிருந்து பாத்திரத்துக்குள் உண்மையாகப் போய்ச் சேரும் வெப்பம் ஏறத்தாழ 115 யூனிட்டுக்குச் சமம். சிலிண்டர் 900 ரூபாய் என்று கொண்டால் யூனிட்டுக்கு 7.80 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு மின்சாரம் மலிவு. அதைத் தாண்டியவர்களுக்குக் கேஸ் மலிவு. மட்டையும் பாளையும் சிரட்டையும் முற்றத்தில் குவிந்து கிடக்கும் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

ஐந்தாம் படி: ஆளைச் சூடாக்கும்போது

குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டும் பத்து நிமிடம், பெரியவர் குளித்துவிட்டு வந்து உட்காரும் கால் மணி நேரம் ஆகியவற்றுக்கு 400, 800 வாட் என இரண்டு நிலை உள்ள சிறிய குவார்ட்ஸ் ஹீட்டர் போதும். 800 வாட்டில் நாளுக்குக் கால் மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்திற்கு 12 யூனிட் மட்டுமே. குறைந்தது மூன்றடி தள்ளி, திரைச்சீலை, மெத்தை, கொசுவலை எதுவும் தொடாத இடத்தில் வைக்க வேண்டும். கவிழ்ந்தால் தானே அணையும் வசதி இல்லாத கருவியைக் குழந்தை உள்ள வீட்டுக்கு வாங்கவே வேண்டாம். தூங்கும் குழந்தைக்கு அருகில் ஓடவிட்டுவிட்டு அறையை விட்டுப் போவதும் கூடாது. மின் ஹீட்டர் புகை விடாது. கதவைச் சாத்திய அறைக்குள் கரி நெருப்புச் சட்டி வைப்பதோ உயிரைக் குடிக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே நெருப்புச் சட்டியைவிட இது மேலானது.

ஆறாம் படி: துணி காயவைக்கும் ஆசையைச் சரிபாருங்கள்

அடைமழையில் அறை ஹீட்டரைத் துணிக்கு முன்னால் வைப்பவர்கள் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, சிறிதும் சேதாரம் இல்லாமல் பார்த்தாலே, ஏறத்தாழ 0.7 யூனிட் வேண்டும். கையால் பிழிந்த ஒரு கொடித் துணியில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் எளிதாக இருக்கும். வெளியேறும் சூட்டையும் சேர்த்தால் நான்கைந்து யூனிட் போய்விடும். அறையைச் சாத்தி வைத்தால் அந்த ஈரம் அங்கேயே தங்கிச் சுவரில் பூசணம் பூக்கும். திறந்து வைத்தால் சூடு நிற்காது. வாஷிங் மெஷினில் இன்னொருமுறை பிழியவிட்டு, ஜன்னலைத் திறந்து, 75 வாட் மின்விசிறியை இரவு எட்டு மணி நேரம் ஓடவிட்டால் 0.6 யூனிட்டில் பெரும்பகுதி ஈரம் போய்விடும். மறுநாள் காலையில் அவசரமாக வேண்டிய பள்ளிச் சீருடை ஒன்றிரண்டுக்கு இஸ்திரிப் பெட்டி போதும்.

ஏழாம் படி: பிளக்கையும் வயரையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்

2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும்; 1500 வாட் 6.5 ஆம்பியர். சுவரில் இருக்கும் சிறிய 5 ஆம்ப் பிளக் பாயிண்ட் இரண்டுக்குமே போதாது. 15 ஆம்ப் பாயிண்ட்டில்தான் செருக வேண்டும். அதற்குப் போகும் வயரும் அந்தச் சுமைக்கு ஏற்ற தடிமனில் இருக்கிறதா என்று வயர்மேனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; பழைய வீடுகளில் பிளக் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு வயரை மாற்றாமல் விட்டிருப்பார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரைச் செருகவே கூடாது. பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தபின் பிளக்கைப் பிடுங்கித் தொட்டுப் பாருங்கள். பின்கள் சுட்டாலோ, பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ பிளக் பாயிண்ட் தளர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றும்வரை அந்த இடத்தில் ஹீட்டர் வேண்டாம்.

வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஹீட்டர் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கும். மின்னழுத்தம் நமக்கும் பொருந்துவதால் கருவி ஓடும். அதன் தட்டைப் பின் பிளக்கை நம் பாயிண்ட்டில் பொருத்த ஐம்பது ரூபாய் அடாப்டர் வாங்கிச் செருகுவதுதான் தவறு. அது செல்போன் சார்ஜருக்குரியது. பிளக்கையே வெட்டிவிட்டு, எர்த்தோடு கூடிய 15 ஆம்ப் பிளக்கைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்புக் கருவியும் இல்லாத வீட்டில் தண்ணீர் ஹீட்டர் கம்பியைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புதிதாக வாங்கும் கம்பியிலும் அறை ஹீட்டரிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அதன் கீழே உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு முத்திரை உண்மையானதா என்று கடையிலேயே நின்று பார்த்துவிடலாம்.

இன்வெர்ட்டரை நம்பி ஹீட்டர் வாங்க வேண்டாம். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல்போல ஒன்று வந்து கம்பங்கள் சாய்ந்தால், வீட்டு இன்வெர்ட்டரால் 1500 வாட் சுமையைத் தாங்க முடியாது. தாங்கினாலும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரத்துக்குள் காலியாகிவிடும். அந்த நாட்களுக்குக் கேஸும் விறகுமே துணை.

எட்டாம் படி: மழைக்காலம் முடிந்ததும்

கொளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஹீட்டரின் முனைகளையும் பிளக் பின்களையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். கருவியை உலர்ந்த துணியால் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, தரையில் வைக்காமல் பரண்மேல் வையுங்கள். அடுத்த ஆண்டு எடுக்கும்போது, வயரில் எலி கடித்த தடம் இருக்கிறதா என்று முழு நீளத்தையும் கையால் தடவிப் பார்த்துவிட்டு, திண்ணையிலோ வராந்தாவிலோ வைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். படிந்திருந்த தூசு கருகும் வாடை முதல் சில நிமிடம் வருவது இயல்பு; அதற்குப் பிறகும் வாடை நீடித்தாலோ, உள்ளே பொறி தெறிக்கும் சத்தம் கேட்டாலோ, அணைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்த பிறகே வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.